கை தூக்கிய சம்பந்தியம்மா

ஏப்ரல் 4
கப்பல், ஏழாவது தளம்

சம்பந்தியம்மாவுக்கு,

நலம். நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. இருந்தாலும் பையனைப் பெற்றவளுக்கு மரியாதை தெரியாது என்ற பேர் வேண்டாம் என்பதற்காகக் கேட்டு வைக்கிறேன்.

போனில் பேசினால் நீங்கள் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, கடைசியில் நம் பிள்ளைகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்கள். "அம்மா, இனிமே நீங்க ரெண்டு பேரும் எழுதிக்கங்க. எழுதும்போது குறுக்க பேச முடியாது" என்று என் மகன் சட்டம் போட்டுவிட்டான். ஆகவே காகிதத்தில் எழுதி, போனில் படம் பிடித்து, கப்பல் வைஃபையில் அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் அலை. அழுத்தமாக இருந்தால் அதற்குக் காரணம் நீங்கள்.

காலைச் சாப்பாட்டின்போது கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். பெரிய கப்பல்களுக்கு இனி இடமில்லை என்று உங்கள் ஊர் நகரமன்றம் முடிவு செய்துவிட்டதாம். எட்டாம் தேதி உங்கள் ஊரில் நிற்க வேண்டிய எங்கள் கப்பல் நிற்காது, தள்ளி நின்றபடியே கடந்து போய்விடும். "அன்று உங்களுக்குக் கடலில் ஓர் இனிய நாள்" என்று வேறு சொன்னார். அதில் என்ன இனிமை என்று எனக்கு விளங்கவில்லை. ஸ்பூனை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நான் நீச்சல் குளத்துக்கும் பாட்டுக் கச்சேரிக்கும் ஆசைப்பட்டுக் கப்பல் ஏறவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். காதில் ஆபரேஷன் ஆன பிறகு விமானம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நமக்கு நடுவே கடல் கிடக்கிறது. பேரன் பிறந்து எட்டு மாதம் ஆகிறது, நான் அவனைத் தொட்டதில்லை. உங்கள் ஊரில் காலை முதல் மாலை வரை நிற்கும் கப்பல் எது என்று தேடிப் பிடித்து, அந்த ஒரு பகலுக்காகத்தான் இந்தப் பயணம் முழுவதையும் வாங்கினேன்.

சரி, நகரமன்றத்தைத் திட்டி மனதை ஆற்றிக்கொள்ளலாம் என்று மகனுக்குச் செய்தி அனுப்பினேன். அவன் மென்று விழுங்கினான். பிடித்து உலுக்கியதும் உண்மை வெளியே வந்தது. ஊர்க்கூட்டத்தில் கப்பல் வேண்டாம் என்று முதலில் கை தூக்கியது நீங்களாம். அதுவும் நான் டிக்கெட் எடுத்தது தெரிந்த பிறகு.

என் பையனை உங்கள் ஊரிலேயே வைத்துக்கொண்டீர்கள். வீட்டோடு மாப்பிள்ளை என்று என் சொந்தக்காரர்கள் சிரித்தபோது பல்லைக் கடித்துக்கொண்டேன். இப்போது கப்பலையும் திருப்பிவிட்டீர்கள். எதற்காகக் கை தூக்கினீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 5
படகுத்துறை

சம்பந்தியம்மா,

கடிதம் கிடைத்தது. ஆமாம், கை தூக்கினேன். முதல் கை என்பது தவறு. மீன்கடைக்காரர் முந்திக்கொண்டார். நான் இரண்டாவது.

எனக்கு உங்களைப் போல நீட்டி எழுத வராது. என் வேலை உங்களுக்குத் தெரியும், கடல் ஆம்புலன்ஸ் ஓட்டுவது. எதிரே இருக்கும் தீவுகளில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் என் படகுதான் போய் ஏற்றி வரவேண்டும். இந்தக் கரையில் அது ஒன்றுதான்.

போன வருஷம் உங்கள் கப்பல் மாதிரி ஒன்று வந்து நின்ற அன்று, தீவிலிருந்து ஒரு நிறைமாதப் பெண்ணை ஏற்றி வந்தேன். துறையில் படகைக் கட்ட இடமில்லை. கப்பல்காரர்களை இறக்கிவிடும் படகுகள் வரிசை பிடித்து நின்றன. எப்படியோ இடுக்கில் நுழைத்துக் கட்டினேன். மருத்துவமனை வேன் தெருமுனையில் மாட்டிக்கொண்டது. தெரு முழுக்க ஆட்கள், ஐஸ்கிரீமும் கையுமாக. டிரைவர் ஹாரன் அடித்தால் சிரித்துக்கொண்டே கை அசைக்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஒதுங்க இடம் இருந்தால்தானே ஒதுங்குவார்கள்.

அந்தப் பெண்ணால் தாங்க முடியவில்லை. துறைக் கல்மீதே பிரசவம் ஆனது. படகில் கூட வந்த நர்ஸ் குழந்தையைப் பார்த்துக்கொண்டாள். நானும் என் உதவியாளும் படகுத் தார்ப்பாயை ஆளுக்கொரு முனையில் பிடித்து மறைத்தோம். இரண்டு பேரால் எத்தனை பக்கம் மறைக்க முடியும். சுற்றிலும் போன்கள். என் தலைக்கு மேலே கையை நீட்டிப் படம் எடுத்தார்கள். "மூடுங்கக்கா, மூடுங்கக்கா" என்று சொல்லிக்கொண்டேதான் அவள் பெற்றாள். தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள். எனக்குத்தான் அந்தக் குரல் காதை விட்டுப் போகவில்லை.

கூட்டத்துக்குப் போகாமலே இருந்துவிடு என்று என் மகள் சொன்னாள். போகாமல் இருந்திருந்தால் உங்களிடம் நல்ல பேர் மிஞ்சியிருக்கும். கை தூக்கும்போது உங்கள் முகம் நினைவுக்கு வந்தது. அந்த நினைப்போடுதான் தூக்கினேன்.

வாண்டு நலம். தவழ்கிறான். நாற்காலிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வரத் தெரியாமல் கத்துகிறான்.

மருமகளின் அம்மா


ஏப்ரல் 6
கப்பல்

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நன்றாகக் கோபப்பட்டுக்கொண்டிருந்தவளிடம் இப்படி ஒரு காரணத்தைக் கொண்டுவந்து வைத்தால் நான் என்னதான் செய்வேன். அந்தத் தார்ப்பாய்க்கு மூன்றாவது முனை ஒன்று இருந்திருக்குமே, நான் அங்கே இருந்திருந்தால் அதைப் பிடித்திருப்பேன். படம் எடுத்தவர்களை என் எல்.கே.ஜி. வகுப்புப் பிள்ளைகளைப் போலச் சுவரைப் பார்த்து நிற்க வைத்திருப்பேன். அது வேறு விஷயம். அன்று ஸ்பூனை வைத்துவிட்டு வந்து நான் அழுதது அழுததுதான்.

இங்கே கதை இன்னும் வளர்ந்துவிட்டது. உங்களுக்கு அடுத்த ஊரும் கதவைச் சாத்திவிட்டதாம். வேறு துறைமுகம் தேடிக்கொண்டிருக்கிறோம் என்கிறார் கேப்டன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், எங்களை மூன்று மணி நேரம்கூட வைத்துக்கொள்ள யாரும் தயாராக இல்லை. சாப்பாட்டு அறையில் எல்லோரும் கல்யாணத்துக்கு அழைப்பில்லாமல் வந்துவிட்டவர்களைப் போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறோம்.

ஒருவர் மட்டும் பார்த்துக்கொண்டு சும்மா இல்லை. ஓய்வு பெற்ற ஏல வியாபாரி. கூட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே மைக்கைப் பிடித்துவிடுவார், ஆகையால் மைக் அண்ணன் என்று பேர் வைத்துவிட்டோம். "அந்த ஊர்க்காரங்களுக்கு மனசே இல்லைங்க. கல்லு. நாளைக்கு அவங்க வீட்டுக் கதவை நாம தட்டினா தண்ணிகூட குடுக்க மாட்டாங்க" என்று முழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை என்று எனக்கே தெரியவில்லை. அவர் கூடவே ஒரு தங்கை வந்திருக்கிறாள். அண்ணன் பேசும்போது முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொள்வாள். லிஃப்டில் ஏறவே பயப்படுகிற ஜீவன்.

என்னோடு சீட்டாடும் அம்மா ஒருத்தி நேற்று ஒரு யோசனை சொன்னாள். "இதுக்குப் போய் ஏன் அழறீங்க. எட்டாம் தேதி அந்த ஊர் பக்கமா போகும்போது நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிடுங்க. அங்கேர்ந்து படகு வந்து கூட்டிட்டுப் போயிடும். பேரனைப் பாத்ததும் வலி போயிடுச்சுன்னு சொன்னா ஆச்சு." சிரித்துவிட்டு சீட்டைக் கலைத்தேன். உங்களுக்கும் சிரிப்பு வரட்டும் என்று எழுதுகிறேன்.

மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 7
படகுத்துறை

சம்பந்தியம்மா,

சிரிப்பு வரவில்லை.

என் படகு உங்களை ஏற்ற வரும் நேரத்தில் தீவில் ஒருவருக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தால், அவருக்கு வேறு படகு இல்லை. பொய் வலிக்கு என் படகு வரக் கூடாது. அப்படி வந்தால் பேரனை உங்கள் மடியில் வைக்க எனக்கு மனசு வராது. இதை எழுதாமல் விட்டிருக்கலாம் என்று என் மகள் சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

மருமகளின் அம்மா


ஏப்ரல் 8, மாலை
கப்பல்

சம்பந்தியம்மாவுக்கு,

நேற்றைய கடிதத்துக்கு நான் எழுத வேண்டிய பதில் வேறு. இன்றைக்கு நடந்ததைப் பார்த்த பிறகு அதை எழுத மாட்டேன்.

மைக் அண்ணனுக்கு இன்று காலை மாரடைப்பு. கப்பல் டாக்டர் தன்னிடம் இருப்பது போதாது, கரைக்குப் போயாக வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்த ஒரே கரை உங்களுடையது. கேப்டன் செய்தி அனுப்பினார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் அவர்கள் வர மாட்டார்கள் என்றார்கள். நான் ஒருத்திதான் வருவார்கள் என்று அடித்துச் சொன்னேன். "எப்படி அவ்வளவு நிச்சயமா சொல்றீங்க" என்று கேட்டார்கள். "ஓட்றது என் சம்பந்தி" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா. நாம் சண்டையில் இருக்கிறோம் என்பதே மறந்துபோனது.

கல்யாணத்தில் ஓரமாக நின்று யாரிடமும் பேசாமல் இருந்த ஒரு சம்பந்தியம்மாவைத்தான் எனக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவருக்கு இவ்வளவு தலைக்கனமா என்று அன்றைக்கு நினைத்தேன். இன்று கப்பலின் அடித்தளத்துக் கதவில் நின்று உங்களைப் பார்த்தேன். காற்று என்ன காற்று. இந்தப் பெரிய கப்பலே ஆடியது. உங்கள் படகு மேலே வருவதும் காணாமல் போவதுமாக இருந்தது. நீங்கள் ஒரு கை சக்கரத்தில், கண் அலையில், ஒரு சத்தம் இல்லை, ஒரு பதற்றம் இல்லை. கப்பல் பக்கம் ஒட்டவும் இல்லை, விலகவும் இல்லை. ஸ்ட்ரெச்சர் இறங்கும் அந்த நேரம் முழுக்க, கதவுக்கு நேராகப் படகைப் பிடித்து வைத்திருந்தீர்கள். எங்கள் மாலுமி ஒருவர் என் காதருகே, "இந்த அம்மா கையில சோறு வாங்கிச் சாப்பிடணும்" என்றார். அந்தத் தொழில் தெரிந்தவர் சொன்னால் அதற்கு மேல் பட்டம் வேண்டாம்.

மைக் அண்ணனும் அவர் தங்கையும் ஏறியதும் நீங்கள் ஒரு முறை அண்ணாந்து பார்த்தீர்கள். என்னைத்தானா என்று தெரியவில்லை. நான் கை அசைத்தேன். நீங்கள் திரும்பிப் போய்விட்டீர்கள். மேலே எல்லாத் தளங்களிலும் கை தட்டினார்கள். உங்கள் ஊருக்குத் தண்ணீர் கொடுக்கத் தெரியாது என்ற பேச்சுக்குக் கை தட்டினவர்களும் அதில் இருந்தார்கள். கேப்டன் ஹாரன் அடித்தார். ஊர் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாகி மறைந்தது. அதில் எந்த ஓட்டு வீடு உங்கள் வீடு என்று தெரியவில்லை.

அவர் பிழைத்தாரா என்று எழுதுங்கள்.

மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 9
மருத்துவமனை, காத்திருக்கும் அறை

சம்பந்தியம்மா,

பிழைத்துவிட்டார். ஆபரேஷன் முடிந்தது. கண் திறந்ததும் தண்ணீர் கேட்டார். நான்தான் கொடுத்தேன். அப்போது அவர் முகம் ஏன் அப்படிப் போனது என்று உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்த பிறகுதான் புரிந்தது.

உங்கள் கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அவர் தங்கை என்னிடம் சொல்லிவிட்டாள். நோயாளியோடு ஒருவர்தான் வரலாம் என்பது படகின் விதி. படகையும் அலையையும் பார்த்து அவள் நடுங்கிப்போய், "நீங்க போங்க டீச்சரம்மா. உங்களுக்கு அந்த ஊர்ல பேரன் இருக்கான். எனக்குப் பதிலா நீங்க போங்க" என்று உங்கள் கையைப் பிடித்துக் கெஞ்சினாளாம். கப்பல் அதிகாரியும் சரி என்றாராம். பொய் இல்லை, விதி மீறல் இல்லை. நீங்கள் கால் வைத்திருந்தால் அந்த மாலையில் வாண்டு உங்கள் மடியில் இருந்திருப்பான்.

நான் கீழே இருந்து பார்த்தேன். நீங்கள் கதவின் விளிம்புக்கு வந்தீர்கள். லைஃப் ஜாக்கெட் உங்கள் மேல் இருந்தது. எனக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது, ஆனால் ஏறுங்க, ஏறுங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். கண் அலையில் இருந்தது என்கிறீர்கள். பாதிதான் அலையில் இருந்தது. பிறகு நீங்கள் ஸ்ட்ரெச்சரைப் பார்த்தீர்கள். அவர் மயக்கத்திலும் தங்கையின் உடுப்பு ஓரத்தை விடாமல் பிடித்திருந்தார். நீங்கள் ஜாக்கெட்டைக் கழற்றி அவளுக்கு மாட்டி, ஒவ்வொரு வாராகக் கட்டினீர்கள். "ஒரு கால் வெச்சா போதும்மா, இன்னொரு கால் தானா வந்துரும்" என்று சொன்னீர்களாம். பள்ளிக்கூட வாசலில் அழுகிற பிள்ளைகளிடம் சொல்வது அதுதான் என்றாளே. அவள் ஒரு கால் வைத்தாள். இன்னொன்று வந்துவிட்டது.

அவள் இல்லையென்றால் இவர் கண் திறந்தபோது யார் முகத்தைப் பார்த்திருப்பார் என்று டாக்டர் கேட்டார். நேற்று வீட்டுக்கு வந்து பேரனைத் தூக்கியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. உங்கள் பங்கையும் சேர்த்து நான் தூக்குவது போல இருந்தது. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. என் மகன் சொன்னது... மாப்பிள்ளையைத்தான் சொல்கிறேன், நான் அவரை மகன் என்றுதான் சொல்லிப் பழகிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். மாப்பிள்ளை சொன்னது சரி. எழுதினால்தான் வருகிறது.

அவள் தோளில் நீங்கள் மாட்டி அனுப்பிய பை கிடைத்தது. ஐந்து குட்டிச் சட்டைகள். பிறந்த குழந்தைக்கான அளவு. வாண்டுவின் தலை ஒன்றிலும் நுழையவில்லை. நுழைக்கப் பார்த்தோம், கத்தி ஊரைக் கூட்டிவிட்டான். ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு சப்பிக்கொண்டே தூங்கினான்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஒருவருக்கு மாரடைப்பு வந்த அவசரத்தில், உங்களிடம் மூட்டை கட்டிய பை எப்படித் தயாராக இருந்தது?

மருமகளின் அம்மா


ஏப்ரல் 10
கப்பல்

சம்பந்தியம்மாவுக்கு,

படகு ஓட்டுகிறவர் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பது தெரிந்துவிட்டது.

சொல்லிவிடுகிறேன். உங்கள் ஏழாம் தேதிக் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வீம்பு வந்துவிட்டது. மடியில் வைக்க மாட்டாராமே, பார்க்கலாம் என்று எட்டாம் தேதி காலையில் சட்டைகளைப் பையில் போட்டுக்கொண்டு கப்பல் டாக்டரின் அறைக்குப் போனேன். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். கூப்பிட்டால் சொல்ல வேண்டிய வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் மைக் அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத்தான் அவர் தங்கைக்குக் கொடுத்தேன்.

கொஞ்சம் முன்னால் என் பேர் கூப்பிட்டிருந்தால் உங்கள் படகில் நான் இருந்திருப்பேன், அவருக்குப் படகு இருந்திருக்காது. நீங்கள் எழுதியதுதான் நடந்திருக்கும். தீவுக்காரர் இடத்தில் அவர், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே கதவோரத்தில் நான் செய்ததைப் பெரிசாக எழுதாதீர்கள். அந்த இடத்தை வாங்கிக்கொள்ள எனக்கு முகம் இல்லை, அதுதான் உண்மை. நீங்கள் அன்று கை தூக்காமல் இருந்திருந்தால் எனக்குப் பேரன் கிடைத்திருப்பான். கை தூக்கினதால் எனக்கு இப்படி ஒரு சம்பந்தி இருக்கிறார் என்று தெரிந்தது. இரண்டில் எது பெரிது என்று கேட்டால் இப்போதைக்குப் பேரன்தான். ஆனாலும் முன்பு போல வித்தியாசம் அதிகம் இல்லை.

கப்பலுக்கு ஒரு துறைமுகம் கிடைத்துவிட்டது. பன்னிரண்டாம் தேதி. உங்கள் கரையின் தென்கோடியில், சிமெண்ட் ஏற்றும் துறையாம். பார்க்க ஒன்றும் இல்லை, கேட் வரை நடந்து திரும்பலாம் என்று கேப்டனே சொல்லிவிட்டார். எல்லோரும் முணுமுணுக்கிறார்கள், முழங்குவதற்கு மைக் அண்ணன் இல்லை. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் வருவதென்றால் ஒரு முழுப் பகல் போய்விடும் என்று வரைபடத்தில் பார்த்தேன். கைக்குழந்தையை அலைக்கழிக்க வேண்டாம் என்று மகனுக்கும் எழுதிவிட்டேன். நீங்களும் வற்புறுத்த வேண்டாம்.

ஒரே ஒரு உதவி. வாண்டுவின் தலையை ஒரு நூலால் சுற்றி அளந்து எழுதுங்கள். இந்த முறை சட்டை நுழைய வேண்டும்.

மாப்பிள்ளையின் அம்மா


ஏப்ரல் 12
சிமெண்ட் துறைமுகம், கேட்

சம்பந்தியம்மா,

இந்தச் சீட்டைக் கப்பல் ஏஜென்ட்டிடம் கொடுத்து அனுப்புகிறேன். அவர் முதலில் வாங்க மறுத்தார், பிறகு வாண்டு அவர் கண்ணாடியைப் பிடுங்கியதும் சரி என்றார்.

நான் லீவு கேட்டதும் துறை அதிகாரி காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். மூன்று நாளைக்குப் படகை அடுத்த துறைப் பெண் பார்த்துக்கொள்கிறாள், நல்ல கை. நேற்று காலையில் பஸ் ஏறினோம். என் மகளும் உங்கள் மகனும் டீ குடிக்கப் போயிருக்கிறார்கள். தலை அளவு எழுதச் சொன்னீர்கள். நூல் சுற்றினால் பிடுங்கித் தின்கிறான். நீங்களே வந்து அளந்துகொள்ளுங்கள்.

கேட்டுக்கு உள்ளே எங்களை விட மாட்டார்களாம். உங்கள் கப்பல் இங்கிருந்து தெரிகிறது. ஏழாவது தளத்தில் ஒருவர் நிற்கிறார், நீங்கள்தானா என்று தெரியவில்லை. இந்த முறை நான் கை அசைத்தேன்.

கூட்டத்தில் கை தூக்கியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். நாளைக்கே கேட்டாலும் திரும்பத் தூக்குவேன். நீங்களும் அதை எதிர்பார்க்க மாட்டீர்கள். அந்தக் கையில்தான் இப்போது உங்கள் பேரன் உட்கார்ந்திருக்கிறான். கனமாக இருக்கிறான் சம்பந்தியம்மா. சீக்கிரம் இறங்கி வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.